பன்னிரண்டு பெட்டி கட்லட்

போன செவ்வாய்க்கிழமை காலை. வாயில் பிரஷ்ஷோடு நிற்கிறேன், தொலைபேசி 'டிங்' என்றது. சுப்பர் மார்க்கெட்டில் இருந்து எஸ்.எம்.எஸ்! வழக்கமாக 'இன்று மட்டும் விசேட விலைக்கழிவு' என்று ஆசை காட்டுகிறவர்கள், இந்த முறை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். நீங்கள் அண்மையில் வாங்கிய டின் மீனில் இன்ன பட்ச் இலக்கம் இருந்தால் தயவுசெய்து உண்ண வேண்டாம், திருப்பிக் கொண்டுவந்து தாருங்கள், மேலதிக விபரங்களுக்கு எமது ஹொட்லைன்...

போன மாதம் என்ன வாங்கினேன் என்று எனக்கே ஞாபகமில்லை. அவர்களுக்கு இருக்கிறது. கவுண்டரில் நிற்கும் பிள்ளை 'போன் நம்பர் சொல்லுங்க சேர்' என்று கேட்டதும் ஒப்பித்துவிட்டு வருகிறோமே, அதன் பலன்.

மனைவி சமையலறை அலுமாரியைத் திறந்து இரண்டு டின்களை எடுத்து வந்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார். அதே இலக்கம். இரண்டிலும்.

ஹொட்லைனுக்கு எடுத்தேன். 'உங்கள் அழைப்பு எமக்கு மிகவும் முக்கியமானது' என்று மூன்று மொழியிலும் ஒரு பெண்குரல் சொன்னது. பிறகு வயலின். பிறகு மறுபடி முக்கியமானது. மறுபடி வயலின்... தேநீர் ஆறி ஆடை படர்ந்த பிறகு தொடர்பு தானாக அறுந்தது. முக்கியமானவர்களுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களை நினைத்துப் பாருங்கள்.

இப்போது இது அடிக்கடி நடக்கிறது, கவனித்தீர்களா? ஒரு கிழமை ஐஸ்கிரீம், மறு கிழமை மிளகாய்த்தூள். கலியாண வீட்டில் புரியாணி சாப்பிட்டவர்கள், மாப்பிள்ளை வீடு பெண் வீடு என்ற பேதமில்லாமல் ஒரே வார்டில் படுத்திருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்லாதவர்கள்கூட இப்போது பொதியைத் திருப்பித் திகதி பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறார்கள்.

சரி... அந்த இரண்டு டின்களையும் எறிந்தேனா?

உங்களிடம் மறைப்பானேன். எறியவில்லை. வெளியில் வைத்தால் ஒழுங்கையில் திரியும் கழுதைகள் நக்கிவிடும் என்று மனைவியிடம் சொன்னேன். கழுதைமேல் எனக்கு அப்படி ஒன்றும் பாசம் கிடையாது. இரண்டையும் அலுமாரியின் மேல்தட்டில், பழைய தேநீர்க் கேத்தலுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன். 'நாளைக்குப் பார்ப்பம்' என்றேன். நிவாரண வரிசையில் நின்று பழகிய கைக்கு, மூடி திறக்காத டின்னை எறிய வராது. அது ஒரு வியாதி.

இந்த வியாதி எனக்கு எங்கே தொற்றியது என்று சொல்கிறேன்.

யுத்தம் முடிந்து சனங்கள் ஊர் திரும்பத் தொடங்கிய காலம். மன்னாரில் முசலிப் பக்கம், கடலோரத்தில் எங்கள் கிராமம். கிராமம் என்று பழக்கதோஷத்தில் சொல்கிறேன். அப்போது அங்கே இருந்தது முள்ளு உடைமரக்காடு, கூரையில்லாத சில சுவர்கள், ஒரு கிணறு. காட்டை வெட்டி, தறப்பாளும் தகரமும் போட்டுக்கொண்டு முப்பது நாற்பது குடும்பங்கள் குடியிருந்தோம். வன்னி முகாமிலிருந்து வந்தவர்கள், புத்தளத்திலிருந்து வந்தவர்கள், தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து வந்தவர்கள்... வேதக்காரர், முஸ்லிம்கள், சைவர்கள் எல்லோரும் கலந்துதான். எல்லாருடைய வீடும் ஒரே தகரம் என்பதால் யாருக்கும் யார் மீதும் பொறாமை இல்லை. என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த வருஷம் அதுதான். அப்போது அது தெரியவில்லை.

நான் அங்கே தொண்டர் ஆசிரியர். எழுத வாசிக்கத் தெரிந்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக, நிவாரணப் பொருள் பங்கிடும் வேலையையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். அரிசி, மா, பருப்பு, சீனி. சில மாதங்களில் டின் மீன்.

டின் மீன்! நினைத்துப் பாருங்கள். ஐம்பது மீற்றர் தூரத்தில் கடல். கரையில் நின்றால் துள்ளுகிற மீன் கண்ணுக்குத் தெரியும். ஆனால் எங்களிடம் வள்ளம் இல்லை, வலை இல்லை, கடலில் இறங்குவதற்கு அனுமதியும் இன்னும் வரவில்லை. பரம்பரை பரம்பரையாக மீன் பிடித்த சனம், கடலைப் பார்த்தபடி இருந்து, எந்தத் தேசத்திலோ பிடித்து அடைத்த மீனைத் திறப்பான் வைத்துத் திறந்து சாப்பிட்டது. அந்த மாதிரி நேரங்களில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். வெட்கம்தான், வேறென்ன?

அந்த டின்களில் சில வீங்கியிருக்கும். மேல் மூடியும் அடி மூடியும் உப்பி, கொழுக்கட்டை மாதிரி. லொறியில் நனைந்து, பிறகு தகரக் கொட்டிலுக்குள் வெயிலில் வெந்து அப்படி ஆகியிருக்க வேண்டும். இன்றைக்கு ஒரு சின்னப் பிள்ளைக்கும் தெரியும், வீங்கிய டின் ஆபத்து என்று. எங்களுக்கு என்ன தெரிந்தது?

'இதிலை கூட அடைச்சிருக்கு' என்று தெரிந்தது.

ஆமாம். சிரிக்காதீர்கள். வருஷக்கணக்காக அளந்து ஊற்றிய எண்ணெயும் தலை தட்டிய அரிசியும் வாங்கிப் பழகிய சனம் அது. அளவுக்கு மேலே புடைத்துக்கொண்டு நின்ற ஒரு பொருளைப் பார்த்தால், அதிர்ஷ்டம் என்றுதான் நினைக்கும். வீங்கிய டின்னுக்கு வரிசையில் சண்டை வந்தது. 'போனமுறையும் அவவுக்குத்தான் கொழுத்த டின் குடுத்தனீங்கள்' என்று என் முகத்துக்கு நேரே கேட்டார்கள். கடைசியில் மரத்தடியில் கூட்டம் போட்டு, எல்லோரும் கையுயர்த்தி ஒரு முடிவெடுத்தோம். இனிமேல் கொழுத்த டின்களை யாருக்கும் பங்கிடுவதில்லை. தனியாக எடுத்து வைத்து, நல்லகாரியம் நடக்கிற வீட்டுக்கு மொத்தமாகக் கொடுப்பது.

எவ்வளவு நியாயமான முடிவு! ஊரில் உள்ள விஷம் முழுவதையும் தேடிப் பொறுக்கி, ஒரே வீட்டு விருந்துக்குச் சேர்த்து வைத்தோம். பொறுப்பாளர்: அடியேன்.

முதல் நல்லகாரியம் பிலோமினா அக்கா வீட்டில் வந்தது. அவருடைய மகள் அனிஸ்ராவுக்கு முதல் நன்மை, அதாவது முதன்முதல் நற்கருணை வாங்குகிற நாள். எட்டு வயசு. திரும்பி வந்த பிறகு எங்கள் தகரக் கோயிலில் நடந்த முதல் கொண்டாட்டமும் அதுதான்.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். கலியாணம் முடித்த புதிதில் தலைமன்னாரில் இருந்து வள்ளத்தில் தமிழ்நாட்டுக்குப் போனவர். பதினைந்து வருஷத்துக்கு மேல் முகாமில் இருந்துவிட்டு விமானத்தில் திரும்பி வந்தவர். விமானத்தில் கொண்டுவரக்கூடிய பாரத்துக்கு ஓர் அளவு உண்டல்லவா? அக்கா உடுப்புகளை அங்கேயே விட்டுவிட்டுப் பன்னிரண்டு எவர்சில்வர் பெட்டிகளைக் கொண்டுவந்திருந்தார். மூடி போட்ட, கையடக்கமான பெட்டிகள். முகாமில் இருந்தபோது ஒவ்வொன்றாக வாங்கி, ஒவ்வொன்றிலும் கடைக்காரரைக் கொண்டு பெயர் வெட்டுவித்திருந்தார். 'பிலோமினா மரியதாஸ்'. ஊருக்குப் போனதும் நாலு வீட்டுக்குப் பலகாரம் அனுப்பவேண்டும், அதற்குப் பெட்டி வேண்டும் என்பது அவர் கணக்கு. ஊரே இல்லாத காலத்தில் ஊருக்குப் பெட்டி சேர்த்தவர்.

நான் எட்டுக் கொழுத்த டின்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. உருளைக்கிழங்கு, வெங்காயம், மிளகு போட்டு, ரஸ்க் தூளில் புரட்டி, சனிக்கிழமை பின்னேரம் முழுக்கக் கட்லட் பொரித்தார். டின்னைத் திறக்கும்போது 'ஸ்ஸ்' என்று காற்று வந்ததாம். மீனைப் புதிதாக வைத்திருக்கக் காற்றடைத்து விட்டிருக்கிறான்கள் என்று அவருடைய புருஷன் மரியதாஸ் அண்ணன் விளக்கம் கொடுத்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. வெள்ளைச் சட்டை, தலையில் பூமுடி, கையில் மெழுகுதிரி. அனிஸ்ரா அன்றைக்கு நடக்கவில்லை, மிதந்தாள். அக்கா பன்னிரண்டு பெட்டிகளிலும் கட்லட் அடுக்கிப் பன்னிரண்டு இடத்துக்கு அனுப்பினார். பத்து வீடுகளுக்குப் பத்து. ஒன்று எனக்கு, கொழுத்த டின் தந்த நன்றிக்காக. இன்னொன்று... சந்தியில் இருந்த கடற்படைக் காவலரணுக்கு.

அதுவும் அக்காவின் யோசனைதான். 'நாளைக்குக் கடலுக்குப் போறதெண்டாலும் அதாலைதானே போகவேணும். முகம் தெரிஞ்சிருந்தா நல்லது' என்றார்.

பத்தரை மணியளவில் நசீர் நானா சைக்கிளில் வந்து இறங்கினார். புத்தளத்தில் இருபது வருஷம் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். தன்னுடைய காணியைத் துப்புரவாக்க அந்தக் கிழமைதான் வந்திருந்தார். அக்கா அவருக்கும் ஒரு தட்டில் நாலு கட்லட் வைத்துக் கொடுத்தார். ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார். அந்த நேரம் பார்த்து எனக்குப் பெருமை தலைக்கேறியது.

எங்கள் கூட்டத்தையும் முடிவையும் சொன்னேன். கொழுத்த டின்களை ஒன்றும் விடாமல் பொறுக்கி எடுத்து வைத்தது நான்தான் என்றேன். திறக்காமல் மிச்சமிருந்த ஒரு டின்னைக் கொண்டுவந்தும் காட்டினேன்.

நானா கட்லட்டைத் தட்டில் வைத்தார். டின்னை வாங்கிப் பெருவிரலால் மூடியை அமத்திப் பார்த்தார். அது உள்ளே போகவில்லை.

"மாஸ்டர், இது கடைக்கு வந்தா நாங்கள் தொடவே மாட்டம். அப்பிடியே திருப்பி அனுப்பிடுவம்," என்றார் மெதுவாக. "இது கொழுப்பில்லை. உள்ளுக்குப் பழுதாகி வாயு பிடிச்சது. ஆளையே கொண்டுபோயிடும். ஆர் ஆர் சாப்பிட்டது?"

அக்கா அடுப்படியில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கையில் அகப்பை. 

"பிள்ளை ரெண்டு திண்டிட்டாள்," என்றார். "நன்மை வாங்கவேணுமெண்டு காலமை பச்சைத் தண்ணியும் குடிக்கேல்லை. வந்தவுடனை பசியிலை திண்டவள்."

அப்போது ஊரில் ஓடக்கூடிய நிலையில் இருந்த ஒரே வாகனம், பூசை வைத்த பங்குச் சுவாமியின் மோட்டார் சைக்கிள்.  சுவாமி அங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டார், ஸ்டார்ட் பண்ணினார். நடுவில் அனிஸ்ரா, பின்னால் மரியதாஸ் அண்ணன். பூமுடிகூடக் கழற்றவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்கக் குண்டும் குழியும் கிரவலும்தான்.

அக்காவை நான் போகச் சொன்னேன். அண்ணன் நிற்கட்டும், நீங்கள் பிள்ளையோடு ஏறுங்கள் என்றேன். அவர் ஏறவில்லை.

"எந்தெந்த வீட்டுக்குக் குடுத்ததெண்டு எனக்கு மட்டும்தானே தெரியும் மாஸ்டர்," என்றார். "அங்கையும் பிள்ளையள் இருக்குதுகள்."

மோட்டார் சைக்கிள் புழுதிக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். அந்த நிமிஷத்தில் அந்த மனுஷியின் நெஞ்சுக்குள் என்ன இருந்திருக்கும் என்று இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். எனக்குப் பிடிபடுவதில்லை.

அந்த நாளில் ஹொட்லைன் இல்லை. பட்ச் இலக்கம் இல்லை. ஆனால் பெட்டியில் பெயர் இருந்தது, பெட்டிக்காரி நேரில் வந்தார். நானும் நசீர் நானாவும் பின்னால் சாக்கோடு போனோம்.

கொடுத்த சாப்பாட்டைத் திருப்பிக் கேட்பதென்றால் லேசான காரியமா? அதுவும் எங்கள் பக்கத்தில்! முதல் வீட்டில், கூடாமல் போயிட்டுது, தாங்கோ என்று அக்கா கேட்டபோது, அந்த வீட்டுக்காரி ஏதோ தான் பிழை விட்டதாக நினைத்து அழ ஆரம்பித்துவிட்டார். இரண்டாவது வீட்டில் பெட்டி கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தது. வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பது எங்களிடம் மரியாதையில்லையே, அதனால் உள்ளே ஒரு சுண்டு சீனி வேறு போட்டிருந்தார்கள். கட்லட் எங்கே? பாதியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியாயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் அதில் இரண்டைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் அங்கே வேலை செய்தவருக்குக் கொடுத்திருந்தார். கிணற்றடிக்காரர் ஒன்றைக் கடித்துவிட்டு, மற்றதைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார்... மனைவிக்காம்.

பன்னிரண்டு பெட்டி போன இடம் பன்னிரண்டு அல்ல. பத்தொன்பதோ இருபதோ. அன்றைக்கு அந்தச் சனத்தின் நல்ல குணத்தை நான் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

ஒருவர் மட்டும் தரமாட்டேன் என்றார். "பங்கருக்குள்ளை பூஞ்சணம் பிடிச்ச மாவைக் குழைச்சுத் திண்டனாங்கள். இந்தக் கட்லட்டோ எங்களைக் கொல்லப்போகுது?" என்று கோப்பையை மடியில் வைத்துக் கையால் மூடிக்கொண்டார். அக்கா விவாதம் பண்ணவில்லை. கையை விலக்கி, கோப்பையோடு சாக்கில் போட்டார். அந்த மனுஷன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு இருந்தது பாவமாகத்தான் இருந்தது. அவருக்கு அன்றைய மத்தியானச் சாப்பாடு அதுதான்.

சாப்பிட்டவர்களின் பெயர்களை நான் கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தேன். வாந்தியோ, பார்வை மங்கலோ, நாக்குத் தடக்கலோ வந்தால் உடனே சொல்லவேண்டும் என்று நானா வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டு வந்தார்.

மிச்சம் காவலரண்.

 நீங்களே சொல்லுங்கள், என்ன சொல்லிக் கேட்பது? யுத்தம் முடிந்து முழுதாக இரண்டு வருஷம் இல்லை. ஊர்ச் சனம் கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டு ஆயுதம் வைத்திருக்கிறவர்கள் சுருண்டு விழுந்தால், அது டின்னில் வந்த பழுது என்று யார் நம்புவார்கள்? அந்த இரவே ஊரில் ஒரு ஆம்பிளை மிஞ்சமாட்டான் என்று எனக்குப் பட்டது. பெட்டி மாறிவிட்டது என்று ஏதாவது பொய் சொல்லி வாங்கிவிடுவோம் என்றேன். நானாவும் தலையாட்டினார். அவருக்குச் சிங்களம் நன்றாக வரும்.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "ஒண்டு ரெண்டு திண்டிருந்தா? பொய் சொல்லிப் பெட்டியை வாங்கலாம், வயித்துக்குள்ளை போனதை வாங்கேலுமோ? ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லவேணும். உள்ளதைச் சொல்லுங்கோ நானா. என்ரை பிள்ளையும் திண்டவள் எண்டும் சொல்லுங்கோ."

மண்மூட்டைக்குப் பின்னால் ஒரு சிப்பாய் எழுந்து நின்றார். நானா ஒன்றும் விடாமல் சொன்னார். டின், மூடி, வாயு, ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளை... எல்லாம். சிப்பாய் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பி உள்ளே போனார். கடற்காற்று 'ஓ' என்று அடித்தது. 

வெளியே வந்தபோது கையில் பெட்டி. அக்கா சுற்றிக் கட்டியிருந்த சிவப்பு ரிபன் அவிழ்க்காமல் அப்படியே இருந்தது.

வெளியில் இருந்து வரும் சாப்பாட்டைச் சாப்பிடக்கூடாது என்பது அவர்களுக்குக் கட்டளையாம். வேண்டாம் என்று சொன்னால் அந்த அம்மா மனம் நோவார் என்று வாங்கி வைத்தார்களாம். இருட்டிய பிறகு கடலில் கொட்டுவதாக இருந்தார்களாம். நானா மொழிபெயர்த்துச் சொன்னார்.

எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் அந்தச் சிப்பாயைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. ஆனால் அக்காவைப் பார்க்கவேண்டுமே! வழி முழுக்க 'அந்தோனியாரே, ஒருத்தரும் வாயிலை வைச்சிருக்கக் கூடாது' என்று நேர்ந்துகொண்டு வந்தவர், ஒருவரும் வாயில் வைக்கவில்லை என்றதும் முகம் சுருங்கிப் போனார்.

"ஒண்டுகூடத் தொடேல்லையோ?" என்றார். பிறகு, திரும்பி நடக்கும்போது எனக்கு மட்டும் கேட்க, "திறந்தாவது பார்த்திருக்கலாம்," என்றார்.

நம்பிக்கையில்லாமை ஒரு நாளாவது ஒருவருக்கு நன்மை செய்திருக்கிறது என்றால் அது அன்றைக்குத்தான். ஆனால் அது நெஞ்சில் எங்கோ குத்தத்தான் செய்தது. எனக்கும்தான்.

கோயிலுக்குப் பின்னால் கிடங்கு வெட்டினோம். சாக்கோடு உள்ளே தள்ளி, மேலே சுண்ணாம்பு கொட்டி, மண் போட்டு மூடினோம். நாய் கிளறாமல், காகம் கொத்தாமல் காவல் இருக்கவேண்டும். யார்? தொண்டர் ஆசிரியர்தான். கையில் ஒரு தடியோடு ஒரு கல்லில் குந்தியிருந்தேன். செத்துப்போன மீனுக்கு இரண்டாவது தடவை சவஅடக்கம் செய்துவிட்டுக் காவல் இருந்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அக்கா பெட்டிகளைக் கொதிநீரில் கழுவி, என் பக்கத்தில் கொண்டுவந்து வரிசையாக அடுக்கினார். பெயர் மேலே தெரியும்படி. எண்ணினார். மறுபடி எண்ணினார். பதினொன்று.

"மாஸ்டர், உங்கடை பெட்டி?"

இந்த இடத்தை எழுத இன்றைக்கும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. நானா வந்து சேர முதலே நான் என் பெட்டியை முடித்துவிட்டேன். ஐந்து கட்லட். காலையில் இருந்து வீடு வீடாக மற்றவர்கள் பெயரைக் கொப்பியில் எழுதியவன், என் பெயரை எழுதவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, யாருக்கும் தெரியாமல் நாக்கை அசைத்து அசைத்துப் பார்த்தேன். தூரத்துப் பனையை ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். அது ஒன்றாகத் தெரிகிறதா, இரண்டாகத் தெரிகிறதா என்று.

சொன்னேன். அக்கா அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பவே சொல்லியிருந்தா சுவாமியோடை அனுப்பியிருப்பனே. ஏன் சொல்லேல்லை?"

"நான் தந்த டின்தானே அக்கா."

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தக் கல்லடியில் இரண்டு பேரும் இருந்தோம். அவர் றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது, அவருக்கு வரவில்லை.

பொழுது சாயும் நேரம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அக்கா எழும்பினார், ஆனால் ஓடவில்லை. சுவாமிக்குப் பின்னால் எத்தனை தலை தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றார். முதலில் தெரிந்தது பூமுடிதான். ஒரு பக்கம் சரிந்து, செம்புழுதி படிந்து... ஆனால் அதன் கீழே தலை நிமிர்ந்து இருந்தது. அப்போதுதான் அக்கா ஓடினார்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கழுவி, பின்னேரம்வரை வைத்துப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஒன்றுமில்லை, ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் எந்த நேரமும் கொண்டு வாருங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். நன்றாக வேகவைத்துப் பொரித்ததால் தப்பியிருக்கலாம் என்றாராம் டொக்டர். அதை நம்பி இன்னொரு தடவை வீங்கிய டின்னைத் திறந்தால் தானே வந்து அடிப்பேன் என்றும் சொன்னாராம். சுவாமி தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியைத் திருப்பி, என்னை ஏற்றிக்கொண்டு மறுபடி போனார். எனக்கும் கழுவினார்கள். அதை விபரிக்கப் போவதில்லை.

அடுத்த மூன்று நாளும் ஊரில் யாரும் யாரையும் 'எப்பிடிச் சுகம்?' என்று கேட்கவில்லை. 'வயிறு எப்பிடி?' என்றுதான் கேட்டார்கள். இரண்டொருவருக்கு வயிற்றோட்டம். அதுவும் பயத்தில் வந்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள். கட்லட்டைப் பறிகொடுத்த மனுஷன் மட்டும் கொஞ்சக் காலம் அக்காவோடு பேசவில்லை.

எட்டு மாதம் கழித்து வள்ளங்கள் கடலில் இறங்கின. முதல் வலைப்பாட்டில் பாரை மீன் பட்டது. அக்கா அதில் கட்லட் பொரித்து, அதே பெட்டியில் அடுக்கி, அதே காவலரணுக்கு நேரே கொண்டுபோனார். மூடியைத் திறந்து, அந்தச் சிப்பாயின் முன்னால் தான் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, பெட்டியை நீட்டினார். சிப்பாய் உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அக்கா சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். சொல்லும்போது அவருக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டும்.

இப்போது அவர் தலைமன்னாரில் தாய் வீட்டுக் காணியில் இருக்கிறார். நான் மன்னார் பட்டணத்தில். பெரிய பெரிய அலுமாரி, அதற்குள் எங்கேயோ செய்து எங்கேயோ அடைத்த சாப்பாடு. யார் கை பட்டது என்று தெரியாது. கெட்டுப்போனால் யார் வந்து வாசலில் நிற்பார்? எஸ்.எம்.எஸ் வரும்... அதுவும் நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. அன்றைக்கு எங்களிடம் அப்படி ஒன்று இருந்திருந்தால் அந்தப் பிள்ளையைப் புழுதிக்குள்ளால் கொண்டு ஓடியிருக்கத் தேவையில்லை. ஆனாலும் மனம் அந்தத் தகரக் கொட்டிலுக்கும் அந்தச் சாக்குக்கும்தான் போகிறது. என்ன செய்ய?

இதையெல்லாம் யோசித்துக்கொண்டு, புதன்கிழமை காலையிலும் அந்த இரண்டு டின்களைக் கேத்தலுக்குப் பின்னால் வைத்தபடியே இருந்தேன். தொலைபேசி அடித்தது. எஸ்.எம்.எஸ் அல்ல. பிலோமினா அக்கா.

அனிஸ்ரா போனில் பார்த்துச் சொன்னாளாம், இன்ன டின் மீன் கூடாதாம் என்று. அந்தப் பழைய பத்து வீட்டுக்காரருக்கும், நசீர் நானாவுக்கும் எடுத்துச் சொல்லியாயிற்றாம்.

"நீங்கள்தான் பன்ரண்டாவது. கடைசியா எடுக்கிறன், ஏனெண்டா உங்களோடைதான் கனநேரம் மினக்கெடவேணும். வீட்டிலை கிடக்கோ?"

"ரெண்டு கிடக்குது. ஆனா வீங்கேல்லை அக்கா. நல்ல டின்."

"அண்டைக்கும் நல்ல டின் எண்டுதான் தந்தனீங்கள்."

 பின்னேரம் புதைத்துவிடுகிறேன் என்றேன்.

"பின்னேரம் வேண்டாம். இப்பவே கிடங்கு வெட்டுங்கோ," என்றார். "நான் லைனிலை நிக்கிறன்."

தொலைபேசியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டி, மாதுளைக்குப் பக்கத்தில் வெட்டினேன். மண் இறுக்கம். மூச்சு வாங்கியது. இடையில் ஒரு தடவை, போயிருப்பார் என்று நினைத்து "அக்கா?" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். "வெட்டுங்கோ, வெட்டுங்கோ," என்று கிணற்றுக்கட்டில் இருந்து குரல் வந்தது. வயலின் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாவது டின்னும் கிடங்குக்குள் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அக்கா போனை வைத்தார்.